இனிப்பா, சீனியா?

இந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்துவிட்டேன். அலோர் ஸ்டாரில் வேறு வேலை காத்திருக்கிறது. தலையில் ஒரு நரைகூட இல்லாதவள் பணி அனுபவம் எழுதுகிறாளே என்று சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிடுங்கள். இந்தக் கிளினிக்கின் உணவு ஆலோசகர் நாற்காலியைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். நாளையிலிருந்து இது உங்களுடையது.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு சொல்லைப் பற்றி. சீனி. இந்தச் சின்னச் சொல் என்னை ஒரு பஸ்ஸில் ஏற்றி, சாலையோரம் இறக்கி, கத்தவைத்து, கடைசியில் பஸ் முழுவதையும் கைதட்டவும் வைத்தது.

மாரியண்ணன் ஃபேக்டரி பஸ் டிரைவர். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் வீடு. விடிந்தும் விடியாமலும் தோட்டத்து ஆட்களையும் அக்கம்பக்கத்து மலாய்க்காரக் கம்பத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஃபேக்டரிக்குப் போவார். சில வருடங்களாக இனிப்பு நீர் வியாதி. மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவே இல்லை. “இப்படியே போனால் பஸ் லைசென்ஸுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது” என்று டாக்டர் சொல்லி, என் அறைக்கு அனுப்பிவைத்தார். கூடவே அவர் மனைவி ஜெயாக்கா.

“சீனி எவ்வளவு சேர்த்துக்கிறீங்கண்ணே?” என்றேன்.

“சீனியா? சத்தியமா தொடறதே இல்ல தங்கச்சி.”

“தேத்தண்ணிக்கு?”

“அதுலயும் போடறதில்ல.”

நான் ஜெயாக்காவைப் பார்த்தேன். புருஷன் பொய் சொன்னால் மனைவி கண்ணில் தெரிந்துவிடும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் ஜெயாக்கா என்னை நேராகப் பார்த்தார்.

“பொய் இல்ல தங்கச்சி. எங்க வீட்டுச் சீனி டப்பாவுல இப்ப ஊசி நூலுதான் இருக்கு. வேணும்னா வந்து பாரு.”

இருவருமே உண்மைதான் சொன்னார்கள். ஆனால் ரத்தத்தில் இருந்த அளவு வேறு கதை சொன்னது. இப்படி ஓர் இடத்தில் நீங்கள் நாளை மாட்டிக்கொள்வீர்கள். அப்போது நோயாளி பொய் சொல்கிறார் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். அவருடைய உண்மை எந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று தேடுங்கள்.

எனக்கு உட்கார்ந்து தேடத் தெரியாது. மறுநாள் காலை அவருடைய பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆட்களை ஏற்றத் தொடங்கும் முன் திகாம் பத்தில் ஓர் ஒட்டுக்கடையில் பஸ்ஸை ஓரங்கட்டினார். இறங்கும்போதே சத்தமாக, என் காதில் விழவேண்டும் என்றே, “தம்பி, தே குராங் மானிஸ்!” என்றார். இனிப்பைக் குறைத்துப் போடு என்று அர்த்தம். சொல்லிவிட்டு, பரீட்சை பாஸான பையன் மாதிரி என்னைப் பார்த்தார்.

கடைக்காரத் தம்பி டின் பாலைச் சாய்த்தான். கெட்டியாக, மஞ்சளாக, அவசரமே இல்லாமல் அது கிளாஸுக்குள் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, இது என்ன?”

“பால் தங்கச்சி.”

“இதுல சீனி இல்லயா?”

“சீனி எங்க இருக்கு? நீதான் பாத்தியே, அவன் கரண்டியைத் தொடவே இல்ல. பால்தான் லா!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நம் ஆட்களுக்குச் சீனி என்றால் டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளிப் போடுகிற வெள்ளைப் பொருள். டின்னிலிருந்து ஊற்றினால் அது பால். கட்டியாக இருந்தால் கூலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம். பாட்டிலில் இருந்தால் தேன். எதுவுமே சீனி இல்லை! அப்படி ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று கேட்டேன். ஃபேக்டரி வாசலில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ஷிஃப்ட் முடியக் காத்திருக்கும்போது ஒன்று என்று அவர் விரல் மடக்க ஆரம்பித்தார். நான் டின்னைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டினேன். பாலைவிடச் சீனிதான் அதில் முன்னால் நின்றது.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “அடப்பாவி. இத்தன நாளா உன்னைப் பால்னு நம்பிட்டேனே” என்று அந்த டின்னைப் பார்த்துத் திட்டிவிட்டு, கடைக்காரத் தம்பியிடம் திரும்பினார். “இனிமே எனக்கு தே ஓ கோசோங். பாலும் வேணாம், சீனியும் வேணாம், உன் சிரிப்பும் வேணாம்.”

அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘சீனி சேர்த்துக்கிறீங்களா’ என்று யாரிடமும் கேட்பதில்லை. ‘காலையில எழுந்ததுலேருந்து வாய்க்குள்ள போனதுல எதெல்லாம் தித்திச்சுது?’ என்றுதான் கேட்பேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். பதில் நீளமாக வரும். பொறுமையாகக் கேளுங்கள்.

ஜெயாக்கா அடுத்த வாரமே வந்து நின்றார். கையில் தேன் பாட்டில், பையில் கூலா மலாக்கா.

“எல்லாம் இயற்கை தங்கச்சி! இனிமே இவருக்கு இதுதான்.”

“அக்கா, தேனும் சீனியைத்தான் ஏத்தும். கூலா மலாக்காவும் அப்படித்தான்.”

“இயற்கையா மரத்துல வர்றதுதானே?”

“கரும்பும் இயற்கையாத்தான்கா மண்ணுல வருது.”

ஜெயாக்கா விடவில்லை. “அப்ப இந்த மாத்திரை மாதிரி இனிப்பு விக்கிறாங்களே, அது? அது செயற்கை, உடம்புக்கு ஆகாதுன்னு எங்க நாத்தனார் ஃபோன்ல தினம் ஒரு வீடியோ அனுப்பறா.”

இந்தக் கேள்வி உங்களுக்குத் தினமும் வரும். நான் சொன்னதைச் சொல்கிறேன். இயற்கையா செயற்கையா என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். உள்ளே போனபின் ரத்தத்தில் சீனி ஏறுமா ஏறாதா என்பதுதான் முதலில் வேண்டிய பதில். இலையிலிருந்து எடுக்கிற இனிப்பு ஒன்று உண்டு, அது ஏற்றாது. பூவிலிருந்து வருகிற தேன் ஏற்றும். இரண்டும் இயற்கைதான். மாத்திரை இனிப்பு மருந்து அல்ல, அளவோடு எடுத்தால் வீடியோவில் வருகிற பேயும் அல்ல. தித்திப்புக்கு அடிமையான நாக்கு, அது இல்லாமல் இருக்கப் பழகும்வரை பிடித்துக்கொள்கிற கைப்பிடி, அவ்வளவுதான். படி ஏறியபின் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம். வெறும் தண்ணீருக்கு இணை எதுவுமில்லை.

ஜெயாக்கா பாதியைக் கேட்டார். மீதிக்கு முன்னாலேயே போருக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் தித்திப்பு என்று இருந்ததெல்லாம் போயிற்று. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பஸ்ஸுக்குள்ளும் ஏறினார். டிரைவர் சீட் பக்கத்தில், திடீரென்று சீனி இறங்கினால் சாப்பிட என்று மாரியண்ணன் வைத்திருந்த மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்துவிட்டு, சீனியில்லாத மிட்டாயை வைத்தார். சாதாரண கேன் பானத்தை எடுத்துவிட்டு, சீனியே இல்லாத கேன் பானத்தை வைத்தார். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. நாக்குக்கும் ஒரே மாதிரி. இது அப்போது எனக்குத் தெரியாது.

மாரியண்ணன் வீட்டில் சீனி அளக்கும் கருவியில் பார்த்துப் பார்த்து, அளவு இறங்க இறங்க எனக்கு ஃபோன் செய்வார். “தங்கச்சி, இன்னைக்கு இன்னும் கொறஞ்சிருக்கு!” டின் பால் போயிற்று, ஆனால் மாத்திரை பழைய அளவில்தான் ஓடுகிறது. அது எனக்கு உறுத்தியது. டாக்டரை உடனே பாருங்கள், மருந்தையும் குறைக்க வேண்டியிருக்கும் என்றேன்.

“லீவு போடணுமே. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும். முழுசா ஜெயிச்சுட்டு வந்து டாக்டர் முன்னாடி நிக்கிறேன், பாரு.”

அந்த வாரமும் வழக்கம்போல ஃபேக்டரி கேண்டீனில் எனக்கு ஒரு பேச்சு இருந்தது. சீனியைக் குறைப்பது எப்படி என்றுதான், வேறென்ன. என் காடி ரிப்பேராகிப் பட்டறையில் கிடந்ததால் மாரியண்ணன் பஸ்ஸிலேயே போனேன். பஸ்ஸில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். மலாய்க்காரப் பெண்கள் எனக்கு ‘மிஸ் கூலா’ என்று பெயரே வைத்திருந்தார்கள். கூலா என்றால் சீனி. நான் ஏறியதும் பின்னால் பிளாஸ்டிக் பைகள் சரசரத்தன. அப்போது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

திகாம் பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். மாரியண்ணன் பஸ்ஸில் ஓடிய பாட்டை நிறுத்தினார். பிறகு ஜன்னலைத் திறந்தார். சட்டென்று சிக்னல் போட்டு, பஸ்ஸைப் புல் ஓரத்தில் ஒதுக்கி, பிரேக்கை இழுத்தார்.

“ஏண்ணே?”

“தெரியல. கை... கை நடுங்குது. ரோடு தள்ளித் தள்ளிப் போகுது.”

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். பசியாறவில்லை. ஒட்டுக்கடையில் குடித்தது கோசோங். முன்பெல்லாம் அந்த டின் பால் தேத்தண்ணிதான் அவருடைய பசியாறல், அது இப்போது இல்லை. கருவி என் கையில் இல்லை, கேண்டீனுக்கு முன்கூட்டியே அனுப்பிய பெட்டிக்குள் இருந்தது. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. சீனி இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே, விழுங்க முடிகிறவருக்குச் சீனி கொடுக்க வேண்டும்.

“மிட்டாய் எடுங்கண்ணே!”

அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்று. கேனைத் திறந்து குடித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தித்திப்பாகத்தான் சாப்பிடுகிறார், ஆனால் முகம் தெளியவில்லை. இன்னும் வெளுத்தது. “ஜெயா... ஜெயா எங்க?” என்றார். ஜெயாக்கா வீட்டில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான்காவது சீட்டிலிருந்த பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். யாரோ விசிறினார்கள்.

என் கண் கேனில் விழுந்தது. அதன் மேல் பெரிய எழுத்தில் பூஜ்யம்.

மிட்டாய்ப் பாக்கெட்டைத் திருப்பினேன். அதுவும் சீனியில்லாததுதான்.

அந்த ஒரு நொடியை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. இந்த மனிதர் தித்திப்பைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். சீனி ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. நாக்கு ஏமாந்துவிட்டது. ரத்தம் ஏமாறவில்லை. சீனியை ஏற்றாமல் நல்ல நேரத்தில் நல்லது செய்த அதே குணம், இந்த நேரத்தில் கையை விரித்துவிட்டது.

நான் திரும்பி நின்று, என் வாழ்க்கையில் சொல்வேன் என்று நினைத்தே பார்க்காத ஒன்றைக் கத்தினேன்.

“யார்கிட்ட சீனி இருக்கு? நல்ல சீனி! ரொம்பத் தித்திப்பா! யார்கிட்ட இருக்கு, குடுங்க!” தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ் கூலா சோதனை வைக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்!

“எங்கிட்ட இல்ல மிஸ், நான் விட்டுட்டேன்” என்று முன்சீட்டு அக்கா ஒருத்தர் பதறினார்.

“ஐயோ, திட்ட மாட்டேன்! அண்ணனுக்கு வேணும்! சீனி இறங்கிடுச்சு!”

கடைசி வரிசையிலிருந்து காக் யாத்தி எழுந்தார். வயதில் மூத்த மலாய்க்கார அக்கா, என் பேச்சுக்கெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுபவர். சீட்டுக்கு அடியில் கைவிட்டு, வாய் கட்டிய பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தார். ரோஸ் நிறத்தில் சிராப், கழுத்தளவு நிறைந்து, ஸ்ட்ராவோடு.

“டிக், ஜாங்ஙான் மாரா ஆ,” என்றார். கோபிக்காதே தங்கச்சி என்று கெஞ்சும் குரல். “இனி பெத்துல் பெத்துல் மானிஸ்.” இது நிஜமாகவே தித்திப்பு.

அந்தப் பையை நான் வாங்கிய ஆசையோடு ஒரு பரிசைக்கூட வாங்கியதில்லை.

“அண்ணே, உறிஞ்சுங்க. மெதுவா. முழுங்குங்க. இன்னும்.” அவர் ஸ்ட்ராவைப் பிடிக்கக் கை வரவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றியிருக்க மாட்டேன், ஆம்புலன்ஸுக்குத்தான் ஓடியிருப்பேன். இதை நீங்கள் மறக்கவே கூடாது. அவர் விழுங்கினார். அதற்குள் முன்சீட்டுத் தம்பி ஒருவனை ஆம்புலன்ஸ் எண்ணைத் தட்டி, என் வார்த்தைக்காகக் காத்திருக்கச் சொன்னேன். பை பாதிக்கு இறங்கியது.

கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். மாரியண்ணன் கண்ணைச் சிமிட்டினார். கையைத் தூக்கிப் பார்த்தார். நடுக்கம் நின்றிருந்தது. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, நீயே எனக்கு சிராப் குடுக்கறே? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா உன்னை?”

பஸ் வெடித்துச் சிரித்தது. யாரோ கைதட்ட, பின்னாலிருந்து முன்வரை கைதட்டல் ஓடிவந்தது. காக் யாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, மீதிப் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. யாரோ கொடுத்த ரொட்டியை மாரியண்ணன் கையில் திணித்தேன்.

உடனே அவர் சாவியைத் தேடினார். “போலாம் லா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”

சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

“குடு தங்கச்சி.”

“முடியாதுண்ணே.”

“நான் நல்லாயிட்டேன்!”

“நல்லாயிட்டீங்க. ஆனா இன்னைக்கு ஓட்ட மாட்டீங்க.”

அதற்குள் ஃபோன் அடித்தது. ஃபேக்டரி சுப்பர்வைசர். மாரியண்ணன் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “டயர் பஞ்சர்னு சொல்லிடறேன். உண்மை தெரிஞ்சா என்னைப் பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்க. இருக்கறதே இந்த ஸ்டியரிங் ஒண்ணுதான் எனக்கு.”

அழுத்தத்தில் எடுக்கிற முடிவு என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அது மருந்தைப் பற்றி மட்டும் இல்லை. பஞ்சர் என்று சொன்னால் இன்று தப்பிக்கலாம். நாளை மறுபடி வந்தால் ஓரங்கட்ட நேரம் இருக்குமா? நான் ஃபோனுக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பிறகு அவரே ஃபோனைக் காதில் வைத்துச் சொன்னார்.

“சார், எனக்குச் சீனி இறங்கிடுச்சு. பஸ்ஸை ஓரங்கட்டிட்டேன். இப்ப நல்லா இருக்கேன். ஆனா இன்னைக்கு ஓட்டல. வேற பஸ் அனுப்புங்க.” ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

“சார், நான் கிளினிக்கிலேருந்து பேசறேன்,” என்றேன். “ஆடிப்போற நேரத்துல பஸ்ஸை நிறுத்தணும்னு தெரிஞ்ச டிரைவர் இவர். அதனாலதான் எல்லாரும் முழுசா இருக்காங்க.”

பின்னாலிருந்து காக் யாத்தி ஃபோனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார், மலாயில்: நிறுத்தத் தெரிந்த டிரைவர்தான் எங்களுக்கு வேண்டும்! கூட்டமாக எல்லோரும் அதையே சொன்னார்கள்.

மாற்று பஸ் வந்தது. மாரியண்ணன் அதில் ஜன்னல் ஓரத்தில் பயணியாக உட்கார்ந்தார். “என் வாழ்க்கையில இந்த ரோட்டை இப்பத்தான் பாக்கறேன்,” என்றார். “நெறைய மரம் இருக்கு லா.”

அன்றே டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை குறைந்தது. பசியாறாமல் மாத்திரை போடக் கூடாது என்பதை ஜெயாக்கா காதிலும் டாக்டர் போட்டார். அளவு நிலையாக நிற்கும்வரை ஸ்டியரிங் கிடையாது. அந்த நாட்களில் மாரியண்ணன் ஃபேக்டரி பட்டறையில் பஸ் கழுவினார், பின்பு டாக்டர் அறையில் தன் அளவுகளை நீட்டி நின்றார். டாக்டர் பார்த்தார், பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். ஜெயாக்கா அந்த இடத்திலேயே புருஷனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது அவருடைய பாராட்டு.

அவர் திரும்ப ஓட்டிய முதல் காலையில் நானும் ஏறினேன். கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. ஜெயாக்கா எழுதி ஒட்டியிருந்தார்: ‘சீனி. நிஜச் சீனி. நடுங்கினா மட்டும்.’ ஊசி நூல் வேறு டப்பாவுக்குப் போய்விட்டது. ஒட்டுக்கடையில் அவர் இட்லி சாப்பிட்டு, தே ஓ கோசோங் குடித்தார். கடைக்காரத் தம்பி டின் பாலைத் தூக்கிக் காட்டிக் கிண்டல் செய்தான். அண்ணன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

புதிதாக வருகிற உங்களுக்கு நான் விட்டுப்போவது அந்த பஸ்ஸில் ஓர் இடம்தான். முதல் வாரமே ஒரு நாள் காலையில் போய் ஏறுங்கள். படியில் கால் வைக்கும்போதே அவர் கதவைப் பாதி மூடிக்கொண்டு கேட்பார். புது ஆள் யார் ஏறினாலும் கேட்கிறார், சுப்பர்வைசரைக்கூட விடவில்லை. பாட்டிலையோ பாக்கெட்டையோ தூக்கிக் காட்டி, “இனிப்பா, சீனியா?” என்பார். திருப்பிப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும். தப்பாகச் சொன்னால் பஸ் முழுக்க ஊளையிடும், காக் யாத்தி எல்லோரையும்விடச் சத்தமாக.

நான் கடைசியாக ஏறிய அன்று என்னையும் கேட்டார். சரியாகத்தான் சொன்னேன். ஹாரனை நீளமாக அடித்து, திகாம் பத்து முழுவதும் கேட்க, கதவை அகலத் திறந்தார்.